பாலியூரித்தேனில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சுகள்

ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள். நீள்கிறது. விட்டால் பழைய அளவுக்கே சுருங்கிவிடுகிறது. ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். அவை சுருண்டும் ஒன்றோடொன்று பின்னியும் கிடக்கின்றன. இழுக்கும்போது நிமிர்கின்றன, விட்டதும் மீண்டும் சுருண்டுகொள்கின்றன.

ஆனால் சுருள்கள் மட்டும் இருந்தால் போதாது. பலமாக இழுத்தால் ஒரு சங்கிலி மற்றொன்றின்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், திரும்பி வராது. பதப்படுத்தாத ரப்பரின் குறை இதுதான். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தக அணுக்கள் அடுத்தடுத்த சங்கிலிகளை இணைத்து நிலையான முடிச்சுகளைப் போட்டுவிடுகின்றன. அந்த முடிச்சுகளை வெப்பத்தால் அவிழ்க்க முடியாது. ஆகவேதான் தேய்ந்துபோன டயரை உருக்கி வார்த்துப் புதிய டயர் செய்ய முடிவதில்லை.

இப்போது வேறொரு பொருளைப் பார்ப்போம். காலணியின் அடிப்பகுதி, குழாய்கள், மின்கம்பி உறைகள் முதலியன செய்யப் பயன்படும் ஒருவகைப் பாலியூரித்தேன், ரப்பரைப் போலவே நீண்டு சுருங்குகிறது. ஆனால் இதில் கந்தகம் இல்லை. சுமார் 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் உருகி ஓடுகிறது. அச்சில் ஊற்றிக் குளிரவைத்தால் மறுபடியும் மீள்தன்மை பெற்றுவிடுகிறது. அப்படியானால் இதன் சங்கிலிகளைக் கட்டிவைத்திருக்கும் முடிச்சு எது? சூட்டில் அவிழ்ந்து குளிரில் தானாகவே விழும் அந்தச் சுருக்கு முடிச்சை நாம் எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேட உதவிய கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளி. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

சங்கிலியின் அமைப்பு

பாலியூரித்தேன்களை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். ஐசோசயனேட் என்னும் தொகுதியும் ஆல்கஹால் தொகுதியும் வினைபுரியும்போது யூரித்தேன் தொகுதி உண்டாகிறது. அதன் அமைப்பை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு நைட்ரஜன் அணு. அதன் தோளில் ஒரு ஹைட்ரஜன். அடுத்து ஒரு கார்பன். அதன்மேல் இரட்டைப் பிணைப்பால் அமர்ந்திருக்கும் ஓர் ஆக்சிஜன். இந்தக் கார்பன்–ஆக்சிஜன் இணைக்குக் கார்பனைல் என்று பெயர். அதற்கடுத்து இன்னோர் ஆக்சிஜன். அங்கிருந்து சங்கிலி மேலும் தொடர்கிறது. நமக்கு முக்கியமானவை இரண்டு: நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன், கார்பனைலின் ஆக்சிஜன்.

மீள்தன்மையுள்ள பாலியூரித்தேனின் சங்கிலி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. அதில் இரண்டு வகைத் துண்டுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று மென்துண்டு. பாலிஈதர் அல்லது பாலிஎஸ்டர் என்னும் நீண்ட, எளிதில் வளையும் பகுதி இது. மற்றொன்று வன்துண்டு. டை ஐசோசயனேட்டும் பியூட்டேன்டையால் போன்ற சிறிய ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் விறைப்பான பகுதி. யூரித்தேன் தொகுதிகள் நெருக்கமாக அமைந்திருப்பது இந்த வன்துண்டில்தான்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதது போல இவ்விரு துண்டுகளும் ஒன்றோடொன்று கலக்க விரும்புவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டவை. எண்ணெயைப் போல விலகிப்போய் மேலே மிதக்க முடியாது. ஆகவே பல சங்கிலிகளின் வன்துண்டுகள் ஆங்காங்கே ஒன்றுகூடிச் சிறு சிறு திட்டுகளாகின்றன. இவை சுமார் 10 நானோமீட்டர் அளவே உள்ளவை. மென்துண்டுகளாகிய குளத்தில் இந்த வன்துண்டுத் திட்டுகள் தீவுகளைப் போல நிற்கின்றன. ஒவ்வொரு தீவும் பல சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் முடிச்சு. இந்தக் கருத்தை 1966-இல் கூப்பர், டோபால்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் எடுத்துரைத்தார்கள்.

சரி, வன்துண்டுகள் ஒன்றையொன்று எதனால் பற்றிக்கொள்கின்றன?

ஹைட்ரஜன் பிணைப்பு

நைட்ரஜன் எலெக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுக்கும் இயல்புள்ளது. ஆகவே அதனுடன் சேர்ந்த ஹைட்ரஜன் சிறிது நேர்மின் தன்மை பெறுகிறது. கார்பனைலின் ஆக்சிஜனோ சிறிது எதிர்மின் தன்மை உடையது. ஒரு சங்கிலியின் ஹைட்ரஜனும் அடுத்த சங்கிலியின் ஆக்சிஜனும் நெருங்கும்போது அவற்றுக்கிடையே ஒரு கவர்ச்சி ஏற்படுகிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. 1920-இல் லாட்டிமர், ரோடபுஷ் ஆகியோர் தண்ணீரின் பண்புகளை விளக்க இக்கருத்தைப் பயன்படுத்தினார்கள். தண்ணீர் 100 டிகிரி வரை கொதிக்காமல் இருப்பதற்கும், பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதற்கும் இப்பிணைப்பே காரணம்.

இதன் வலிமை எவ்வளவு? நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்க்கும் சாதாரண வேதிப்பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்குச் சுமார் 390 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்கச் சுமார் 20 கிலோ ஜூல் போதும். ஆகவே இது சூட்டில் அவிழ்கிறது. குளிரும்போது மீண்டும் சேர்கிறது. நாம் தேடும் சுருக்கு முடிச்சின் இலக்கணம் இதற்குப் பொருந்துகிறதல்லவா? ஆனால் பொருந்துகிறது என்பதாலேயே அதுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது உண்மையில் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

ஊஞ்சலும் மூலக்கூறும்

ஊஞ்சலில் தங்கையை உட்காரவைத்து ஆட்டியிருப்பீர்கள். நினைத்தபோதெல்லாம் தள்ளினால் ஊஞ்சல் நன்றாக ஆடாது. அதன் இயல்பான அலைவோடு ஒத்துத் தள்ளினால் சிறிய தள்ளலுக்கே உயர்ந்து ஆடும். இதுவே ஒத்ததிர்வு.

மூலக்கூறில் உள்ள அணுக்களும் சும்மா இருப்பதில்லை. சுருள்வில்லின் இரு முனைகளில் கட்டிய குண்டுகளைப் போல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. நைட்ரஜன்–ஹைட்ரஜன் வில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ நூறு லட்சம் கோடி தடவை அதிர்கிறது. இதே அதிர்வெண் கொண்ட ஒளி அதன்மேல் விழுந்தால், ஒத்ததிர்வால் மூலக்கூறு அந்த ஒளியை உட்கவர்ந்துகொள்ளும். இந்த அதிர்வெண் அகச்சிவப்புப் பகுதியில் அமைந்திருக்கிறது.

அகச்சிவப்புக் கதிர்களைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். 1800-ஆம் ஆண்டில், முப்பட்டகத்தால் பிரிக்கப்பட்ட சூரிய ஒளியின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் சூடு ஏறியது! பின்னர் 1905-இல் அமெரிக்கரான வில்லியம் கோப்லன்ட்ஸ் பல பொருள்களின் அகச்சிவப்பு உட்கவர் நிறமாலைகளை அளந்து வெளியிட்டார். ஒரே அணுத்தொகுதி உள்ள பொருள்களெல்லாம் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒளியை உட்கவர்வது அதனால் தெளிவாயிற்று.

இத்துறையில் அதிர்வெண்ணுக்குப் பதிலாக அலை எண்ணைச் சொல்வது வழக்கம். ஒரு செண்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அலை எண். அதன் அலகு செ.மீ.⁻¹. நாம் பயன்படுத்தும் பகுதி 4,000 முதல் 400 செ.மீ.⁻¹ வரை.

வில் தளர்ந்தால் சுருதி இறங்கும்

சுருள்வில்லைப் பற்றி நீங்கள் படித்த விதியை நினைவுகூருங்கள். அதிர்வெண், வில்லின் விசை மாறிலியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வீணையின் தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்குவது போல, மூலக்கூறின் வில் தளர்ந்தாலும் அலை எண் குறையும்.

இங்கேதான் நம் முடிச்சு பிடிபடுகிறது. தனித்திருக்கும் நைட்ரஜன்–ஹைட்ரஜன் இணை, பாலியூரித்தேனில் சுமார் 3,440 செ.மீ.⁻¹ இடத்தில் உட்கவர்கிறது. அதே ஹைட்ரஜனை எதிரே உள்ள ஓர் ஆக்சிஜன் தன்பக்கம் இழுத்தால், நைட்ரஜனோடு உள்ள வில் சற்றுத் தளர்கிறது. உட்கவர்தல் சுமார் 3,320 செ.மீ.⁻¹ இடத்துக்கு இறங்கிவிடுகிறது. எவ்வளவு தளர்ந்தது? நிறை மாறவில்லை, ஆகவே விசை மாறிலிகளின் விகிதம் அலை எண்களின் விகிதத்தின் வர்க்கமே. 3,320-ஐ 3,440-ஆல் வகுத்தால் 0.965. அதன் வர்க்கம் 0.931. அதாவது வில் ஏறத்தாழ 7 சதவீதம் தளர்ந்திருக்கிறது. மீட்டருக்குச் சுமார் 650 நியூட்டனாக இருந்த விசை மாறிலி 606 ஆகிவிட்டது. ஓர் அணுவின் தோளில் இன்னோர் அணு கைவைத்ததை இப்படி எண்ணாகவே சொல்லிவிட முடிகிறது!

எதிர்ப்பக்கமும் சாட்சி சொல்கிறது. தனித்த கார்பனைல் சுமார் 1,730 செ.மீ.⁻¹ இடத்திலும், ஹைட்ரஜன் பிணைப்பில் ஈடுபட்ட கார்பனைல் சுமார் 1,703 செ.மீ.⁻¹ இடத்திலும் உட்கவர்கின்றன. இங்கே தளர்ச்சி ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஆயினும் நல்ல நிறமாலைமானியில் இரண்டு முகடுகளும் அருகருகே தெளிவாகத் தெரியும்.

நைட்ரஜன்–ஹைட்ரஜன் பகுதியில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பிணைந்தவற்றின் முகடு அகலமாகப் பரந்திருக்கும். எல்லா ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒரே நீளமுள்ளவையாக இராததே காரணம். சில நெருக்கமானவை, சில தளர்ந்தவை. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் உட்கவர்வதால் முகடு பரந்துவிடுகிறது.

ஆய்வகத்தில்

செய்முறை கடினமானதன்று, ஆனால் கவனம் வேண்டும். பாலியூரித்தேனைத் தகுந்த கரைப்பானில் கரைத்து, ஒரு தட்டின்மேல் ஊற்றி உலரவிட்டு, மெல்லிய படலமாக எடுக்கிறோம். சுமார் 10 மைக்ரான் தடிப்பு போதும். படலம் தடித்தால் ஒளி முழுவதும் உட்கவரப்பட்டு முகட்டின் உச்சியே தெரியாமல் போகும். படலத்தைத் தாங்கக் கண்ணாடித் தட்டு உதவாது. கண்ணாடி நமக்கு வேண்டிய அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியைத் தானே உட்கவர்ந்துவிடும். ஆகவே சோடியம் குளோரைடு, அதாவது நாம் அறிந்த உப்பின் பெரிய படிகத்தைத் தட்டாகச் சீவிப் பயன்படுத்துகிறார்கள். ஈரக் கையால் தொட்டால் அது மங்கிவிடும்.

தண்ணீர் இன்னொரு வகையிலும் தொல்லை தரும். அதுவும் 3,400 செ.மீ.⁻¹ அருகே அகலமாக உட்கவர்கிறது. ஒருமுறை நான் சரியாக உலர்த்தாத படலத்தை வைத்து நிறமாலை எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் பிணைப்பு ஏராளம் என்று மகிழ்ந்தேன். மறுநாள் வெற்றிடத்தில் உலர்த்தி எடுத்தபோது அந்த மேட்டில் ஒரு பகுதி காணாமற்போயிற்று. நான் அளந்தது பாலியூரித்தேனோடு சேர்த்து நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும்தான்!

முன்னாள்களில் அகச்சிவப்பு ஒளியைப் பட்டகத்தாலோ கீற்றணியாலோ பிரித்து, அலை எண்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போவார்கள். இன்று ஒளியை இரு கற்றைகளாகப் பிரித்து மீண்டும் சேர்த்துக் குறுக்கீட்டு விளைவை அளந்து, ஃபூரியர் முறைக் கணக்கால் கணிப்பொறி முழு நிறமாலையையும் ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது.

எண்ணிப் பார்ப்போம்

1970-இல் அமெரிக்காவில் கூப்பரும் அவருடைய உடனாய்வாளர்களும் பாலியூரித்தேன் எலாஸ்டோமர்களை இம்முறையில் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன்களில் பெரும்பாலானவை பிணைப்பில் ஈடுபட்டிருந்தன. ஆனால் கார்பனைல்களில் பிணைந்தவை அவ்வளவு இல்லை. இது எப்படி? ஒவ்வொரு யூரித்தேன் தொகுதியிலும் ஒரு நைட்ரஜன்–ஹைட்ரஜனும் ஒரு கார்பனைலும் சம எண்ணிக்கையில் அல்லவா உள்ளன?

கணக்குக்காக, 100 ஹைட்ரஜன்களில் 90-உம், 100 கார்பனைல்களில் 60-உம் பிணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதியுள்ள 30 ஹைட்ரஜன்கள் யாரைப் பிடித்திருக்கின்றன? மென்துண்டில் ஈதர் ஆக்சிஜன்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத்தான்! ஆகவே வன்துண்டுகளில் ஒரு பகுதி தீவுக்குள் சேராமல் மென்துண்டுகளோடு கலந்து கிடக்கிறது என்று தெரிகிறது. தீவும் குளமும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்துள்ளன என்பதற்கு இது ஓர் அளவுகோலாகிவிட்டது.

படலத்தைச் சூடாக்கிக்கொண்டே நிறமாலை எடுத்தால் பிணைந்தவற்றின் முகடு தாழ்ந்து, தனித்தவற்றின் முகடு உயர்கிறது. குளிரவிட்டால் பழைய நிலை திரும்புகிறது. முடிச்சு அவிழ்ந்து மறுபடி விழுவதை நேரிலேயே பார்த்தாற்போல் ஆகிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

இத்துடன் கட்டுரையை முடித்திருந்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் அறிவியல் அங்கே நிற்கவில்லை.

முதல் எச்சரிக்கை அளவீட்டைப் பற்றியது. முகட்டின் பரப்பு பெரிதாக இருந்தால் பிணைப்புகளும் அதே விகிதத்தில் அதிகம் என்று கொள்ளலாமா? ஒரு பிணைப்பு எவ்வளவு வலுவாக ஒளியை உட்கவரும் என்பது, அது அதிரும்போது அதன் இருமுனைத் திருப்புத்திறன் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்பட்டால் இந்த மாற்றம் மிகுகிறது. ஆகவே பிணைந்த இணை, தனித்த இணையைவிடப் பல மடங்கு வலுவாக உட்கவர்கிறது. பத்துப் பேர் மெல்லப் பேச, ஐந்து பேர் உரக்கக் கத்தினால், ஓசையை வைத்து ஆட்களை எண்ண முடியுமா?

1986-இல் கோல்மன், பெயின்டர் ஆகியோரின் குழு ஓர் எளிய பாலியூரித்தேனைச் சூடாக்கி ஆராய்ந்து இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. வெப்பநிலை ஏறியபோது நைட்ரஜன்–ஹைட்ரஜன் பகுதியின் மொத்தப் பரப்பே குறைந்தது. அணுக்கள் எங்கும் ஓடிப்போகவில்லை. அவற்றின் குரல்தான் தணிந்தது. கார்பனைலின் உட்கவர்திறன் இவ்வளவு மாறுவதில்லை. ஆகவே எண்ணிக்கைக்குக் கார்பனைல் முகட்டை நம்புவதே மேல் என்ற கருத்து வலுப்பெற்றது.

நம் கணக்கையே திருத்திப் பார்ப்போம். 90, 10 என்பவை பரப்புகள் என்றும், பிணைந்த இணை மூன்று மடங்கு வலுவாக உட்கவர்கிறது என்றும் கொள்வோம். பிணைந்தவை 90-ஐ 3-ஆல் வகுக்க 30, தனித்தவை 10. ஆகவே 40-க்கு 30, அதாவது 75 சதவீதம்தான் பிணைந்தவை. கார்பனைலில் 60 போக, ஈதரைப் பிடித்திருப்பவை 30 அல்ல, 15 மட்டுமே. ஒரு கணிப்பு பாதியாகிவிட்டது!

இரண்டாம் எச்சரிக்கை காரணத்தைப் பற்றியது. ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது, மீள்தன்மையும் இருக்கிறது. ஆகவே முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணமா? 1969-இல் ஹாரெல் என்பவர், பிப்பரசீன் என்னும் சேர்மத்தைக் கொண்டு பாலியூரித்தேன்களைச் செய்தார். இவற்றின் நைட்ரஜனில் ஹைட்ரஜனே கிடையாது; எனவே ஹைட்ரஜன் பிணைப்புக்கு வழியே இல்லை. ஆனாலும் அவை நல்ல மீள்தன்மை காட்டின! வன்துண்டுகள் தனித் தீவுகளாகப் பிரிந்து நிற்பதே முதன்மையான தேவை என்பது இதிலிருந்து விளங்குகிறது. சாதாரணப் பாலியூரித்தேனில் ஹைட்ரஜன் பிணைப்பு அந்தத் தீவுகள் அமையவும் நிலைக்கவும் துணைசெய்கிறது. ஆனால் அதுவே முழுக் காரணம் என்று சொல்வதற்கில்லை.

தொடக்கத்தில் நாம் தேடிய முடிச்சுக்கு இப்போது சரியான விடை கிடைத்துவிட்டது. முடிச்சு என்பது தீவு. ஹைட்ரஜன் பிணைப்பு அந்தத் தீவைக் கட்டும் நாரில் ஒன்று.

இதனால் பயன் என்ன?

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் மின்கம்பிக்குப் பாலியூரித்தேன் உறை போடும் வழக்கம் 1970-களின் பிற்பகுதியில் வந்தது. 1980-களில் உடலுக்குள்ளேயே சில உறைகளில் வெடிப்புகள் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டார்கள். உறை வெடித்தால் மின்சாரம் கசியும். நோயாளியின் உயிருக்கே ஆபத்து. எடுத்த உறைகளை அகச்சிவப்பு நிறமாலையால் ஆராய்ந்தபோது, சுமார் 1,110 செ.மீ.⁻¹ இடத்தில் உள்ள ஈதர் முகடு பரப்பில் குறைந்திருந்தது. மென்துண்டின் ஈதர் பகுதி ஆக்சிஜனேற்றத்தால் அறுபட்டிருக்கிறது என்று புரிந்தது. அதன்பின் ஈதரைக் குறைத்தும் நீக்கியும் மென்துண்டுகளை வேறு பொருள்களால் அமைக்கும் முயற்சிகள் பெருகின.

ஒரு முகடு எங்கே இருக்கிறது, எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்ற சிறிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்குப் பொறுமையாகவும் நேர்மையாகவும் விடை காண்பவர் கையில் ஓர் உயிரும் இருக்கலாம். கருவி காட்டுவதை அளவிடுங்கள். அது சொல்லாததை அதன் வாயில் திணிக்காதீர்கள். நிறமாலை கற்றுத்தரும் முதல் பாடம் அதுவே.

நீங்களே செய்து பாருங்கள்

1. நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனை நீக்கி, அதன் இடத்தில் இருமடங்கு நிறையுள்ள டியூட்டீரியத்தை வைத்தால், 3,440 செ.மீ.⁻¹ இடத்தில் இருந்த உட்கவர்தல் எங்கே நகரும்? விசை மாறிலி மாறாது என்று கொள்க. நிறைக்குப் பதிலாக இரு அணு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுத்து வரும் ஈவைப் பயன்படுத்துக. நைட்ரஜனின் அணு நிறை 14.

2. பரப்புகள் பிணைந்தவற்றுக்கு 80, தனித்தவற்றுக்கு 20; பிணைந்த இணை நான்கு மடங்கு வலுவாக உட்கவர்கிறது. உண்மையில் பிணைந்தவை எத்தனை சதவீதம்?

விடைகள்: 1. சுமார் 2,510 செ.மீ.⁻¹. 2. 50 சதவீதம்.